கப்பல் மறைத்ததும் காது கண்டதும்

கப்பல் புறப்பட்டதை என் மகன் கவனிக்கவே இல்லை. நான்கு வயது. மேல்தளத்து நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். கையில் உருகிக்கொண்டிருந்த ஐஸ்கிரீமில்தான் மொத்தக் கவனமும். ஒன்பது வயது மகள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, "அம்மா, அந்த கிரேன் எங்க போகுது?" என்று கேட்டாள். சென்னைத் துறைமுகத்தின் கிரேன் எங்கும் போகவில்லை. நாங்கள்தான் போய்க்கொண்டிருந்தோம்.

இதே புதிரைக் கலிலியோ 1632இல் வெளியிட்ட தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். கப்பலின் அடித்தட்டில், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கப்பல் ஒரே வேகத்தில், ஆடாமல் அசையாமல் போகட்டும். நீங்கள் என்ன சோதனை செய்து பார்த்தாலும் கப்பல் போகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. சொட்டும் நீர் நேராகக் கீழே விழும். பறக்கும் பூச்சி எல்லாப் பக்கமும் ஒரேபோலப் பறக்கும். வேகத்தை உடல் உணர்வதில்லை, வேகம் மாறுவதை மட்டுமே உணரும். எங்கள் ஐந்து நாள் பயணத்தின் சுகம், துக்கம் இரண்டுக்கும் காரணம் இந்த ஒரு வரிதான். அது எனக்கு இரண்டாம் நாள் இரவுதான் உறைத்தது.

சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் 2023 ஜூனில் தொடங்கியதிலிருந்தே வீட்டில் இந்தப் பேச்சுதான். அம்பாந்தோட்டை, திருகோணமலை, பிறகு சென்னை. இரண்டு பிள்ளைகள், கணவர், அவருடைய அம்மா, நான். அத்தை காசிமேட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கடலைப் பார்க்க எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஏறிப் பார்த்தால் கப்பல் முழுக்கக் கடலை மறப்பதற்கான ஏற்பாடுதான். கம்பளம், மின்தூக்கி, சினிமா, பாட்டு, பஃபே. கடல் ஞாபகம் வந்தது ஒரே ஒரு தடவை, புறப்படுவதற்கு முன் நடந்த பாதுகாப்பு ஒத்திகையில். ஏழு முறை குட்டையாக, ஒரு முறை நீளமாகச் சங்கு ஊதினால் உயிர்காப்பு அங்கியோடு குறிப்பிட்ட இடத்துக்கு வந்துவிட வேண்டும். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. அந்த வழியில் வந்த விதிகள் இவை. பயணிகளுக்கான ஒத்திகையை அவர்கள் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் ரொம்ப நாள் இருந்தது. 2012இல் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்கு ஒத்திகை இன்னும் நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். பிள்ளைகளின் எடைக்கேற்பத் தனி அங்கிகள் இருக்கின்றன. 15 கிலோவுக்குக் கீழ் கைக்குழந்தை அளவு, அதிலிருந்து 43 கிலோ வரை சிறுவர் அளவு. மார்பிலும் கழுத்திலும் மிதவை அதிகம் வைத்துத் தைத்திருப்பதால், நீரில் விழுந்தவரைத் தானாகவே மல்லாக்கத் திருப்பி முகத்தை மேலே வைக்கும். என் மகனுக்கு இதில் எல்லாம் பிடித்தது சங்கொலி மட்டும். பயணம் முடியும்வரை ஏழு குட்டை, ஒரு நீளம் என்று வாயாலேயே ஊதிக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ பெருசு எப்படிம்மா முழுகாம இருக்கு?"

இதைக் கேட்காத பிள்ளை கிடையாது. கப்பல் தன் எடைக்கு எடை தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது, அவ்வளவு தண்ணீரைத் தள்ளி முடித்ததும் மேற்கொண்டு இறங்குவதில்லை என்ற ஆர்க்கிமிடீஸ் பதிலைச் சொன்னேன். ஆனால் இதில் பெரியவர்களே தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. இத்தனை ஆயிரம் டன் கப்பல் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அந்த டன் எடையைக் குறிப்பதல்ல. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு கப்பலின் அளவை, எத்தனை ஒயின் பீப்பாய் ஏற்றலாம் என்ற கணக்கில் அளந்தார்கள். அந்தப் பெரிய பீப்பாயின் பெயர்தான் டன். இன்றும் பயணிகள் கப்பலின் டன் கணக்கு அதன் உள்ளிடத்தின் கொள்ளளவைத்தான் சொல்கிறது. 48,000 டன் கப்பல் என்றால் உள்ளே ஏறக்குறைய 1,60,000 கன மீட்டர் இடம். அதில் பெரும்பகுதி காற்று. எஃகுச் சுவருக்குள் அடைத்த காற்றுதான் நம்மையும் பஃபேயையும் தூக்கிக்கொண்டு போகிறது.

மூழ்காமல் இருப்பது பாதி வித்தை. கவிழாமல் இருப்பது மறு பாதி. இப்படிப்பட்ட கப்பல்கள் நீருக்குக் கீழே ஏழெட்டு மீட்டர்தான் இறங்கியிருக்கும். மேலே பத்துப் பன்னிரண்டு மாடி நிற்கும். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். என்ஜின், எரிபொருள், தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் அடியில். மேல் மாடிகள் முடிந்தவரை லேசாக. சாய்ந்தால் நிமிரும். சரி, பொம்மையின் அடியில் இன்னும் கொஞ்சம் ஈயத்தை ஊற்றிவிட்டால் இன்னும் நல்லதுதானே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த முரண் இருக்கிறது. அடி அதிகம் கனத்தால் பொம்மை வெடுக்கென்று நிமிரும். கப்பலும் அப்படித்தான். மிகப் பாதுகாப்பாக நிமிரும் கப்பலில் மேசைமேல் ஒரு டம்ளர் நிற்காது. அதனால் பயணிகள் கப்பலை வடிவமைப்பவர்கள், பாதுகாப்புக்குப் பங்கமில்லாமல் அதைக் கொஞ்சம் சோம்பேறியாக ஆக்கிவிடுகிறார்கள். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப ஏறக்குறைய 15 விநாடி எடுத்துக்கொள்ளும். தாலாட்டும் தொட்டிலைவிட நிதானம்.

அதுவும் போதாதென்று விலாவில் துடுப்பு. மீனுக்கு இருப்பதைப் போலவே, நீர்மட்டத்துக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக நீளும் எஃகுத் துடுப்புகள். கப்பல் சாயத் தொடங்கியதும் உணர்கருவிகள் சொல்ல, ஒரு துடுப்பு மேல்நோக்கியும் மற்றது கீழ்நோக்கியும் திரும்பும். ஓடும் நீர் அவற்றில் மோதிக் கப்பலை நிமிர்த்தும். நல்ல வேகத்தில் போகும்போது பக்கவாட்டு ஆட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு வரை இப்படியே அடங்கிவிடும். துறைமுகத்துக்குள் நுழையும்போது துடுப்பை உள்ளே மடக்கிக்கொள்வார்கள். ஆனால் மூக்கு ஏறி இறங்குகிற முன்பின் ஆட்டத்தை இந்தத் துடுப்புகளால் ஒன்றும் செய்ய முடியாது. இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் கரை கீழிருந்து மேலாக மறைந்தது. முதலில் மெரினாவின் மணல், பிறகு சாலை, பிறகு கட்டடங்களின் அடி. பூமி உருண்டை என்பதைப் பாடப் புத்தகத்துக்கு வெளியே மகள் பார்த்த முதல் தடவை. கடற்கரையில் நிற்கும் சின்னப் பிள்ளையின் கண்ணுக்குத் தொடுவானம் மூன்றரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. 30 மீட்டர் உயரத் தளத்தில் ஏறினால் அதுவே 20 கிலோமீட்டராக விலகிப் போகிறது. கலங்கரை விளக்கம் மட்டும் வெகுநேரம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை மகன் ஓடி வந்தான். "அம்மா, யாரோ கடல்ல இங்க் ஊத்திட்டாங்க!"

துறைமுகத்தில் பச்சையும் பழுப்பும் கலந்து கிடந்த தண்ணீர் ஒரே இரவில் அடர்நீலமாகியிருந்தது. வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிகிறது என்று நான் பள்ளியில் படித்தது வாய் வரை வந்துவிட்டது. நல்லவேளை சொல்லவில்லை. இதே பதிலை நம்ப மறுத்த ஒரு திருச்சிக்காரர் இருந்தார். சி.வி. ராமன் 1921இல் முதன்முறையாக வெளிநாடு போனார். ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு. திரும்பும்போது நார்குண்டா என்ற கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று அப்போது ராலே பிரபு சொல்லியிருந்தார். அவர் சொன்னால் மறுபேச்சு இல்லாத காலம். ராமனிடம் நிகால் பட்டகம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளியின் அலைகள் ஒரே திசையில் அதிரும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அந்தத் தெறிப்பொளியை மட்டும் அணைத்துவிடலாம். ராமன் அணைத்துப் பார்த்தார். வானத்தின் பிம்பம் போய்விட்டது. நீலம் போகவில்லை; இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீலம் நீருக்குள்ளிருந்தே வருகிறது.

அந்தப் பயணத்தின் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஒளிச்சிதறலில் இறங்கி, 1928இல் தன் பெயர் தாங்கிய விளைவுக்கு வந்து சேர்ந்தார். ராமன் சிதறலுக்கே முழுப் பெருமையும் கொடுத்தார். இன்றைய விளக்கத்தில் இன்னொரு பங்காளியும் உண்டு: தண்ணீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, மிஞ்சிய நீலம் சிதறிக் கண்ணுக்கு வருகிறது. கரையோரம் வண்டலும் நுண்பாசிகளும் கலந்திருப்பதால் பச்சை.

நிகால் பட்டகத்துக்கு எங்கே போவது? கணவரின் போலராய்டு கூலிங்கிளாஸ் அதே வேலையைச் செய்யும். பிள்ளைகள் அதை மாறிமாறிக் கண்ணருகில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு நிலையில் பளபளப்பு, கால் வட்டம் திருப்பினால் அது அணைந்து ஆழமான நீலம். கப்பலில் பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டு அறை இருந்தது, பந்துக்குளம் எல்லாம் உண்டு. அன்று காலை யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

மற்ற அதிசயங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். குழாயில் வருவது பெரும்பாலும் உப்பு நீக்கிய கடல்நீர்தான். சில கப்பல்களில் நெம்மேலி குடிநீர் ஆலையில் செய்வதைப் போலச் சவ்வு வழியாக அழுத்திப் பிழிவார்கள். சிலவற்றில் என்ஜினின் கழிவு வெப்பத்தையே பயன்படுத்துவார்கள். காற்றழுத்தத்தைக் குறைத்தால் தண்ணீர் நாற்பது, ஐம்பது டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அடுப்பே வேண்டாம். கழிவறை, தண்ணீருக்குப் பதில் காற்றின் இழுவிசையால் வேலை செய்கிறது. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் அளவு நீர் போதும். அந்த உறிஞ்சல் சத்தம் கேட்டதும் மகன், "அது என்னையும் இழுத்துக்கும்" என்று கதவருகே நின்றுவிட்டான். சின்னப் பிள்ளையோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மூடியை மூடி, பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். இன்னொன்று, சாப்பிடப் போகும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கப்பல்களில் பேர்போன வயிற்றுப்போக்குக் கிருமியான நோரோவைரஸை, வாசலில் பிழிந்து கொடுக்கும் சானிடைசர் சரியாகக் கொல்வதில்லை.

இரண்டாம் நாள் இரவு.

அதுவரை இலங்கைத் தீவு எங்களுக்கு மறைப்பாக இருந்திருக்கிறது. கிழக்குக் கரையில் கடல் எண்ணெய் தடவியதுபோலக் கிடந்தது. தீவின் தென்கிழக்கு முனையைச் சுற்றித் திரும்பியதும் நிலைமை மாறியது. அங்கிருந்து நேர்தெற்கே அண்டார்க்டிகா வரை நிலம் என்று ஒன்று கிடையாது. காற்று பெரிதாக இல்லை. ஆனாலும் மூக்கு மெல்ல எழுந்தது, மெல்ல அமிழ்ந்தது. மாத்திரை டப்பா மேசையில் முன்னும் பின்னும் உருண்டது.

இவ்வளவு பெரிய கப்பலை எது தூக்குகிறது? ஐந்து விநாடிக்கு ஒன்றாக வரும் சாதாரணக் காற்றலையின் நீளம் ஏறக்குறைய 40 மீட்டர். 200 மீட்டர் கப்பல் அப்படிப்பட்ட ஐந்து அலைகளின் மேல் ஒரே சமயத்தில் படுத்துக்கொள்ளும். ஒன்று தூக்கினால் ஒன்று இறக்கும், கப்பலுக்கு ஒன்றும் தெரியாது. அலை வரும் இடைவெளி இரு மடங்கானால் நீளம் நான்கு மடங்காகும். பதினோரு விநாடி அலையின் நீளம் கிட்டத்தட்டக் கப்பலின் நீளமே. அப்போதுதான் கப்பலுக்கு உண்மையான ஆட்டம். இவ்வளவு நீள அலையைப் பக்கத்துக் காற்று எழுப்புவதில்லை. தெற்கு இந்தியப் பெருங்கடலில் சில நாட்களுக்கு முன் வீசி ஓய்ந்த புயலின் மிச்சம் அது. பதினைந்து விநாடி அலைக்கூட்டம் நாளுக்கு ஆயிரம் கிலோமீட்டர் நடந்து வந்துவிடும். காற்றே இல்லாமல் திடீரென்று கரையேறும் இந்தத் தூர அலையைத் தமிழகத்தின் தென்முனையிலும் கேரளத்திலும் மீனவர்கள் கள்ளக்கடல் என்பார்கள். 2012இல் யுனெஸ்கோவே அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. கரையில் அது எத்தனை ஆபத்தானது என்பது கன்னியாகுமரிக்காரர்களுக்குத் தெரியும். ஆழ்கடலில் அது வெறும் மூச்சு. ஆனால் அந்த மூச்சுக்கே மகளின் முகம் வெளுத்துவிட்டது.

நள்ளிரவுக்குள் மூன்று முறை வாந்தி. மகனோ கட்டிலில் குறுக்காகக் கிடந்து குறட்டை.

நம் காதுக்குள், கேட்கும் பகுதிக்குப் பக்கத்தில், அதிகம் பேசப்படாத இன்னோர் உறுப்பு இருக்கிறது. நீர் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை சுழல்வதைச் சொல்லும். அவற்றுக்கடியில் இரண்டு சிறு பைகள். அவற்றுக்குள் பாகுபோன்ற படலத்தின் மேல் நுண்ணிய கற்கள் தூவிக் கிடக்கின்றன. உடல் மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் கற்கள் ஒரு கணம் பின்தங்கி, அடியிலுள்ள மயிரிழைகளை வளைக்கும். கற்களின் பொருள் கால்சியம் கார்பனேட். சங்கு, சோழி, சுண்ணாம்புக்கல் எல்லாம் ஆனது அதே பொருளால். மகளின் முதுகைத் தடவியபடி நான் இதைச் சொன்னபோது அத்தை, "கத்தாழ மீனு தலைல ரெண்டு வெள்ளக்கல்லு இருக்குமே, அது மாதிரியா?" என்றார். அது மாதிரி இல்லை, அதுவேதான். மீனுக்கும் அந்தக் கல் அதே வேலைக்குத்தான். எத்தனை ஆண்டுகள் குழம்புக்கு ஆய்ந்தபோது அந்தக் கற்களைக் குப்பையில் போட்டிருப்போம்!

கலிலியோவின் அறையில் இந்தக் கற்கள் தூங்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைப் பற்றி அவற்றுக்கு அக்கறையே இல்லை. கள்ளக்கடலில் அவை விழித்துக்கொள்கின்றன. அறைக்குள் கண், "சுவர் அப்படியே இருக்கிறது, ஒன்றும் நகரவில்லை" என்கிறது. காது, "ஏறுகிறோம், இறங்குகிறோம்" என்கிறது. மூளைக்கு இரண்டு சாட்சிகள், இரண்டு வாக்குமூலம். கடல்மயக்கத்துக்கு இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இந்தப் பிணக்குதான். குழம்பிய மூளை ஏன் வயிற்றைத் தண்டிக்க வேண்டும்? கண்ணும் காதும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ நஞ்சைத் தின்றுவிட்டோம் என்று மூளை முடிவுகட்டி அதை வெளியேற்றப் பார்க்கிறது என்று 1977இல் டிரைஸ்மன் என்ற ஆய்வாளர் ஒரு கருத்தை வைத்தார். அழகான கருத்து; நிரூபணம் அவ்வளவு எளிதில்லை.

காதுதான் காரணம் என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி அமெரிக்காவில் கிடைத்தது. விண்வெளிக்கு மனிதனை அனுப்பத் தயாரான நாட்களில் கடற்படை மருத்துவர்கள், வாஷிங்டனிலுள்ள கேலடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத பதினோரு பேரை வைத்துப் பல ஆண்டுகள் சோதனை செய்தார்கள். அவர்களில் பத்துப் பேருக்கு மூளைக்காய்ச்சலால் செவிப்புலனோடு இந்தச் சமநிலை உறுப்பும் அழிந்திருந்தது. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையருகே கொந்தளிக்கும் கடலில் அவர்களைக் கப்பலேற்றிப் பார்த்தார்கள். அவர்கள் நிம்மதியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஆராய்ச்சியாளர்களோ வாந்தியெடுத்தே சுருண்டுபோனதால் சோதனையைக் கைவிட வேண்டியதாயிற்று.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கடல்மயக்கம் அரிது. பிறகு மெல்ல ஏறி ஒன்பது, பத்து வயதில் உச்சத்துக்குப் போய், வளர வளர இறங்கும். கைக்குழந்தையை நினைத்துப் பயப்படும் பெற்றோர் உண்மையில் கவலைப்பட வேண்டியது நான்காம் வகுப்புப் பிள்ளையை. எல்லோருக்கும் இறங்கிவிடும் என்றும் சொல்ல முடியாது. டார்வின் ஐந்தாண்டு பீகிள் பயணம் முழுக்கத் தவித்தார். கடற்படைத் தளபதி நெல்சனுக்கும் இதே பாடுதான். குமட்டலுக்கு மருத்துவர்கள் சொல்லும் நாசியா என்ற சொல்லே, கப்பலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நம் நாவாய்க்கும் அதற்கும் உறவுண்டா என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்களிடம் விட்டுவிடுவோம்.

விடிந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு நடுத்தளத்துக்குப் போனோம். வைத்தியம் சுலபமானது: கண்ணையும் காதையும் ஒரே பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணுக்கும் ஆட்டம் தெரியும், சண்டை தீரும். போனும் புத்தகமும் ஆகாது. இடமும் முக்கியம். ஏற்ற இறக்கப் பலகையில் நடுவில் உட்காருபவனுக்கு ஆட்டம் குறைவு. கப்பலிலும் நடுப்பகுதி, கீழ்மாடி அறைகளே அதிகம் அசையாதவை. நாங்கள் கூடுதல் பணம் கட்டி உச்சியில், முன்பக்கம், பால்கனியோடு அறை எடுத்திருந்தோம். மாத்திரை வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே பிள்ளையின் மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வாந்தி தொடங்கிய பிறகு விழுங்குவது வீண். பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மருந்துப்பட்டை குழந்தைகளுக்கானதல்ல.

திருகோணமலையில் மறுபடி எண்ணெய்க் கடல். துறைமுக வாய் வரை ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று நீண்டு வந்து முட்டுவதால் நீலத் திமிங்கிலங்கள் அங்கே கரைக்கு வெகு அருகில் வரும். தூரத்தில் ஒரு நீர்ப்புகைத் தூண் எழுந்து கலைந்தது. திமிங்கிலமாக இருக்கலாம், அலைச்சிதறலாகவும் இருக்கலாம். மகள் அதைத் திமிங்கிலமாகவே வைத்துக்கொண்டாள். நான் வழக்குப் பேசவில்லை.

வீடு திரும்பிய இரவு குளியலறையிலிருந்து அவள் கத்தினாள். சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடியிருக்கிறாள்.

"அம்மா, வீடு ஆடுது!"

ஐந்து நாளில் அவள் மூளை ஆட்டத்துக்குப் பழகி, அதைக் கழித்துக் கணக்குப் போடக் கற்றிருந்தது. ஆட்டம் நின்ற பிறகும் கழித்துக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடினால் திருத்தச் சாட்சி இல்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். "எனக்கும்தான்டி, செவுத்தப் புடிச்சிக்கினுதான் குளிச்சேன்" என்றார் அத்தை கூடத்திலிருந்து. அவசரச் செய்தி கேட்டதுபோல மகன் சோபாமேல் ஏறி நின்று, ஏழு முறை குட்டையாக, ஒரு முறை நீளமாக ஊதினான்.